கருப்பன் கழுத்துக் கயிறு

கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்த என் அண்ணனுக்கு,

உன் கருப்பன் நன்றாக இருக்கிறான். நீ முதலில் அதைத்தான் கேட்பாய். அந்தக் கடைசிக் காய்ச்சலில் கிடந்தபோது "கருப்பன மட்டும் பாத்துக்க தங்கச்சி" என்று சொன்னாயே, அந்தச் சொல்லுக்காகத்தான் பூலாம்பாடியிலிருந்து அவனைக் கையோடு எறையூருக்குக் கூட்டி வந்தேன். தண்ணீரைக் கண்டால் போதும், நாயா மீனா என்று தெரியாதபடி பாய்ந்துவிடுகிறான். ஆடு மேய்க்கும்போது ஏரியில் இறக்கிப் பழக்கியது நீதானே?

இங்கே அதுதான் வம்பு. சித்திரை வெயிலில் ஏரி சுருங்கி, நடுவில் குட்டையாகக் கிடக்கிறது. தெரு நாய்கள் அங்கே போய்க் குடித்துவிட்டு வந்து, நுரை தள்ளி ஒவ்வொன்றாகச் சாகின்றன. யாரோ விஷம் வைக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. யாரோ என்ன, பக்கத்து வீட்டு அஞ்சலைதான். நாய்கள் அவள் கோழியைப் பிடித்ததிலிருந்து அவள் முகமே சரியில்லை. போதாததற்குக் கருப்பனுக்குக் கம்பஞ்சோறு உருட்டிப் போட ஆரம்பித்தாள். இத்தனை நாள் இல்லாத பாசம் எங்கிருந்து வரும்? ஒவ்வோர் உருண்டையையும் முகர்ந்து பார்த்துக் குப்பையில் போட்டேன்.

ஒரு நாள் பார்த்துவிட்டாள். "ஏண்டி, என் சோத்த எதுக்குடி மோந்து பாக்குற? ஏரித் தண்ணிய மோந்து பாரு, போ!" என்று கத்தினாள். என்னை எதற்கு ஏரிக்கு விரட்டுகிறாள் என்று அதிலும் சந்தேகம். இருந்தாலும் கருப்பன் கழுத்தில் கயிறு கட்டிக்கொண்டு போனேன்.

குட்டையில் கெண்டை மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. கரையில் திருகுகள்ளியை வெட்டி நசுக்கிய சக்கை கிடந்தது. கள்ளிப்பாலைத் தண்ணீரில் கலந்தால் மீன் மயங்கி மேலே வரும், கையாலேயே அள்ளிக்கொள்ளலாம். கருப்பன் குடிக்கக் குனிந்தான். நான் இழுத்த இழுப்பில் இரண்டு பேரும் சேற்றில் விழுந்தோம். வீட்டுக்கு வந்ததும் கிணற்றுத் தண்ணீரில் அவன் உடம்பு முழுக்கக் கழுவினேன். இல்லாவிட்டால் நக்கிவிடுவானே.

சாயங்காலம் உன் மச்சான் துண்டில் மீன் முடிந்துகொண்டு வந்தார். கண் சிவந்திருந்தது. விரலெல்லாம் கொப்புளம்.

"கையில என்ன?"

"வல இழுத்தது."

எந்த வலை, அண்ணே? எங்கள் வீட்டில் வலை ஏது? "கள்ளிப்பால்தானங்க?" என்றேன்.

"ஊரே பண்ணுது. ரேஷன்ல போடுற அரிசி எந்த மூலைக்கு? நாய்க்காவ ஏரிக்குக் காவலா போட முடியும்?" என்று சீறினார்.

வாசலுக்கு வெளியே இருந்த அத்தனை பேரையும் சந்தேகப்பட்டேன், ஒரே வீட்டில் இருக்கிறவரை விட்டுவிட்டேன். மீனைக் குழி தோண்டிப் புதைத்தேன். அன்றைக்கு வெறும் ரசம்தான்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கோடையில் நீயும் அவரும் மீன் பிடிக்கப் போவீர்களே, உங்கள் கையில் வலை இருந்து நான் பார்த்ததே இல்லை. போகிற இடமெல்லாம் கருப்பனைக் கூட்டிப் போகிற நீ, அன்றைக்கு மட்டும் அவனை வீட்டில் கட்டிப்போட்டுவிட்டுப் போவாய். ஏன் அண்ணே?

நீ பதில் சொல்லப்போவதில்லை. வாசலில் ஒரு தொட்டி வைத்திருக்கிறேன். தெரு நாய்களுக்கும் சேர்த்துக் கிணற்றுத் தண்ணீர் நிரப்புகிறேன். அஞ்சலையும் தினம் ஒரு குடம் ஊற்றுகிறாள். எதற்கு ஊற்றுகிறாள் என்று இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மழை பெய்து ஏரி நிறைகிற வரை உன் கருப்பனை அந்தப் பக்கம் அவிழ்த்துவிட மாட்டேன். இது சத்தியம். உன் மச்சானையும்தான்.

அழுகையும் ஆத்திரமும் அடங்காத,
உன் தங்கச்சி செல்லம்மா