திறந்த வெளி

அக்டோபர் 6

காலையில் போன மின்சாரம் இருட்டிய பிறகுதான் வந்தது. ஃப்ரிட்ஜில் இன்சுலின் புட்டியைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ச்சியே இல்லை. மழைக்காலம் இப்போதுதான் தொடங்குகிறது.

மகளிடம் போனில் சொன்னேன். தப்பு, சொல்லியிருக்கக் கூடாது. “அங்க தனியா கெடந்து என்ன பண்ணப்போற? பேசாம இங்க வந்துடும்மா” என்றாள்.

பேசாமல் இருப்பதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டுமா? அதைத்தான் இங்கேயே செய்துகொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 9

ஜெனரேட்டர் வாங்கப் போனேன். இந்த மழைக்காலத்தை யார் தயவும் இல்லாமல் ஓட்டிக் காட்டிவிட்டால் மகள் வாயை மூடுவாள். இல்லாவிட்டால் மூட்டை முடிச்சோடு அவள் வீட்டு மூலையில் கிடக்க வேண்டியதுதான்.

கடைக்காரர், “வீட்டுல எத்தனை பேர் மேடம்?” என்றார். “நான்தான்” என்றேன். பெரியதைக் காட்ட வந்தவர் சின்னதின் பக்கம் திரும்பினார்.

“ஃப்ரிட்ஜ் ஓடறப்ப கொஞ்சமாத்தான் கரண்ட் இழுக்கும். கெளம்பறப்ப ரெண்டு மூணு மடங்கு இழுக்கும். அதுக்குத் தாங்கணும்.” ஃப்ரிட்ஜ், ஒரு ஃபேன், ஒரு விளக்கு, போன் சார்ஜர். என் வாழ்க்கை மொத்தமும் அந்தச் சின்னதுக்குள் அடங்கிவிட்டது. சத்தம் குறைவு, அடியில் சக்கரமும் உண்டு.

“செவுத்து பிளக்குல மட்டும் சொருகிடாதீங்க, கரண்ட் திரும்பிப்போய் லைன்ல வேலை செய்யறவர் உயிர எடுத்துடும். ஓடறப்ப பெட்ரோல் ஊத்தாதீங்க. மழையில நனையக் கூடாது. வெளியிலதான் வைக்கணும்.”

“எங்க வீட்டுல வெளி இருக்கு” என்றேன். தலையாட்டினார்.

அடுக்களைக்குப் பின்னால் இருப்பது எங்கள் வீட்டில் ‘வெளி’. வீடு வாங்கியபோது வானம் தெரியும் துவைக்கும் இடம். மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் என் வீட்டுக்காரர் கூரை போட்டு, சுவர் எழுப்பி, கண்ணாடி ஜன்னலும் வைத்தார். இடம் அறையாகிவிட்டது, பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. ஒருமுறை விருந்தாளியிடம் “அவர் வெளிக்குப் போயிருக்கார்” என்று சொல்லிவிட்டேன். மனிதர் முகம் போன போக்கைச் சொல்லிச் சொல்லி இவர் சாகும்வரை சிரித்தார்.

அக்டோபர் 10

ஜெனரேட்டரோடு வந்த குறிப்புப் புத்தகத்தைப் படித்தேன். படிக்கவா முடிகிறது? ஆயுசு முழுக்க அச்சகத்துக்குப் பிழை திருத்திய கை சும்மா இருக்குமா, சிவப்புப் பேனாவைத் தேடியது. ‘புகை உயிருக்கு ஆபத்து. திறந்த வெலியில் மட்டுமே இயக்கவும்.’ வெலி! ‘லி’யை அடித்து ‘ளி’ போட்டேன். இயந்திரம் செய்யத் தெரிந்தவர்களுக்கு ளகரம் தெரியவில்லை.

இவர் இருந்திருந்தால் கூப்பிட்டுக் காட்டியிருப்பேன். புத்தகத்தை மூடி வைத்தேன்.

அக்டோபர் 13

மின்சாரம் போகவில்லை. வாங்கி வைத்த பிறகு போகமாட்டேன் என்கிறது.

அக்டோபர் 17

நல்ல மழை. மதியமே மின்சாரம் போய்விட்டது. ஜெனரேட்டரை வெளியில் நிறுத்தி ஜன்னல்களைத் திறந்துவிட்டேன். திறந்த வெளி. சொட்டுத் தண்ணீர் படவில்லை. மூன்றாவது இழுப்பில் கிளம்பியது. வயரை அடுக்களைக் கதவு வழியாக உள்ளே கொண்டுவந்து ஃப்ரிட்ஜுக்குக் கொடுத்தேன். மகள் பார்க்க வேண்டும் இதை.

அதன் சத்தம் பிடித்திருக்கிறது. வீட்டில் இன்னொருவர் ஏதோ வேலையாக இருப்பது போல.

தலை வலிக்கிறது. மதியம் சாப்பிடவில்லை, அதனால்தான். கொஞ்சம் குமட்டல்.

மேலே எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது. எங்கே என்று தெரியவில்லை. படுத்துவிட்டு வந்து பார்க்கிறேன்.

அக்டோபர் 20

நேற்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து விட்டார்கள். எழுதியே ஆக வேண்டும்.

அன்று படுத்த சற்று நேரத்தில் போன் அடித்தது. மகள். மழைச் செய்தி பார்த்தாளாம். என் பேச்சு குழறுகிறது என்றாள். தலைவலி என்றேன்.

“பக்கத்துல என்ன சத்தம்?”

“ஜெனரேட்டர். கவலப்படாத, வெளியிலதான் ஓடுது.”

“அம்மா, எந்த வெளி?”

“நம்ம வெளிதான்டி.”

“எழுந்திரு. வாசக்கதவத் தெறந்து தெருவுக்குப் போ. அத அணைக்கப் போகாத. அது பாட்டுக்கு ஓடட்டும். போம்மா, நடந்துகிட்டே பேசு.”

சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வாசற்படி தாண்டி விழுந்தேன். எதிர்வீட்டுத் தையல்காரர் ஓடிவந்து குடை பிடித்தார், ஆம்புலன்சைக் கூப்பிட்டார். போன் என் கையிலேயே இருந்தது. அதில் அவள் அழுதுகொண்டிருந்தாள். எனக்காக ஒருத்தி அழுகிறாள் என்று சந்தோஷமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

எழுத்தைத் திருத்தினேனே, படித்தேனா? ஜன்னல் திறந்தால் அறை வெளியாகிவிடுமா, புகை போய்விடுமா? வேறு யாரிடம் “வெளியில இருக்கு” என்று சொல்லியிருந்தாலும் “சரி, நல்லது” என்று போனை வைத்திருப்பார்கள். அந்தச் சொல்லுக்கு எங்கள் வீட்டு அர்த்தம் தெரிந்தவர்கள் மூன்று பேர் இருந்தோம். இப்போது இரண்டு பேர்.

நவம்பர் 3

மதியம் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் இப்போது வீட்டை விட்டுத் தள்ளி மதில் ஓரம் நிற்கிறது. மேலே தகரம், பக்கங்களில் ஒன்றுமில்லை, புகை தெருப்பக்கம் போகிறது. நீள வயர் வாங்கினேன். படுக்கையறையில் புகை வாயு வந்தால் கத்துகிற கருவியும் இருக்கிறது. கிளப்பிவிட்டு உள்ளே வருவதற்குள் போன்.

“எந்த வெளி?” எடுத்ததும் அதுதான் கேள்வி.

“வெளிக்கு வெளியில.”

சிரித்தாள். அங்கே வந்துவிடு என்று இன்றைக்கு அவள் சொல்லவில்லை. நானே சொன்னேன். “பேசாம நீ ஒரு தடவ இங்க வந்துட்டுப் போயேன்.”

“பேசாமல்லாம் வரமாட்டேன்மா” என்றாள். “பேசறதுக்குத்தான் வருவேன். அடுத்த வாரம் லீவு போட்டிருக்கேன்.”

வெளியில், அன்று ஜெனரேட்டர் நின்ற இடத்தில், அவளுக்கு ஒரு கட்டில் போடலாம். அளந்து பார்த்தேன், சரியாக இருக்கும்.