இந்தா என்று கூப்பிட்டால்

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். உன் நலம்தான் தினமும் போனில் தெரிந்துவிடுகிறதே, பிறகு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ என்னோடு பேசுவதே இல்லை. ஸ்பீக்கரில் போட்டு மகள் வீட்டு நடுக்கூடத்தில் வைத்துவிடுகிறாய். மகள் ஒரு பக்கம், மாப்பிள்ளை ஒரு பக்கம், நடுவில் பேத்தியின் அழுகை. "சாப்டீங்களா?" "சாப்டேன்." "கடை எப்படி ஓடுது?" "ஓடுது." அதோடு சரி. நாலு பேர் எதிரில் நான் எந்த வியாபாரத்தையும் பேசி முடித்ததில்லை என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் இது. தனியாக இருக்கும்போது படி.

முதலில் ஒரு செய்தி. நம் வீட்டில் ஒரு கோழிக்குஞ்சு வளர்கிறது. சிரிக்காதே.

நடந்தது இதுதான். நம் முட்டைக் கடைக்கு நாட்டு முட்டை கொண்டுவருகிற அம்மா, ஒரு தடவை முட்டை எடுக்கும் வேலையைப் புது மருமகளிடம் விட்டிருக்கிறாள். அந்தப் பெண் அடைகாத்துக்கொண்டிருந்த கோழிக்கு அடியில் கையை விட்டு, அதிலும் ஒன்றை எடுத்து மற்றதோடு சேர்த்து அடுக்கிவிட்டது. நான் வழக்கம்போல ஒவ்வொன்றாகப் பல்பு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்று மட்டும் உள்ளே கருகருவென்று இருந்தது. கூமுட்டை என்று ஒதுக்கி, பல்புக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டேன், கடை சாத்தும்போது குப்பையில் போடலாம் என்று. பேக்கரிக்காரர் வந்து நின்று பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று, "அண்ணே, உங்க முட்டை ஏதோ சொல்லுது, என்னன்னு கேளுங்க" என்றார். குனிந்து பார்த்தால் ஓட்டில் ஒரு ஓட்டை, அதில் ஒரு மூக்கு.

முட்டையை உருட்டியே வீடு கட்டியவன் நான். உயிர் இருப்பதைக் கூமுட்டை என்று தள்ளி வைத்திருக்கிறேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் இதில் யார் கூமுட்டை என்று கேட்டிருப்பாய். பேக்கரிக்காரர் கேட்கவில்லை, முகத்தில் மட்டும் அது எழுதியிருந்தது.

திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அந்த அம்மாவுக்குப் போன் போட்டேன். "இப்ப கொண்டாந்தா தாய் சேத்துக்காதுங்க, கொத்திப் போட்டுடும். இறக்கை முளைக்கிற வரைக்கும் நீங்களே வச்சுக்கங்க, அப்புறம் நான் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றாள். கூட்டிட்டுப் போறேனாம், என்னவோ பிரசவத்துக்கு வந்த பெண் மாதிரி.

ஆக, நீ துணி மடிக்கிற மேஜைக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டி. மேலே கம்பியில் கட்டித் தொங்கவிட்ட பல்பு. முதலில் பழைய பேப்பரை விரித்தேன். வழுக்கி வழுக்கிக் கால் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் போனது. அப்படியே விட்டால் கால் கோணிவிடும் என்று தீவனக்கடைக்காரர் சத்தம் போட்டார். இப்போது சொரசொரப்பான பழைய துண்டு போட்டிருக்கிறேன், அழுக்கானால் மாற்றிவிடுகிறேன். தண்ணீருக்கு ஜாம் பாட்டில் மூடி. அதில் கூழாங்கல் போட வேண்டும், இல்லாவிட்டால் குடிக்கப் போய் அதிலேயே மூக்கை முக்கிச் செத்துப்போகுமாம். இவ்வளவு விவரம் நம் மகள் பிறந்தபோது எனக்குத் தெரிந்திருந்தால் நீ எத்தனை சண்டையை மிச்சம் பிடித்திருப்பாய்.

பின்பக்கம் எச்சம் காய்ந்து அடைத்துக்கொண்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைக்க வேண்டும். துடைக்கிறேன். இதை மகளிடம் சொல்லாதே, என்னை மதிக்கமாட்டாள்.

அந்தப் பல்பு விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. குளிர்ந்தால் நேராகப் பல்புக்குக் கீழே வந்து ஒடுங்கி நிற்கிறது. சூடு கூடினால் மூலைக்குப் போய் வாயைப் பிளந்துகொள்கிறது. நான் கம்பியை ஏற்றி இறக்கினால் போதும். மனதில் இருப்பதை நிற்கிற இடத்திலேயே காட்டிவிடுகிற ஜீவன். நம் இரண்டு பேருக்கும் வராத வித்தை.

இதுவரை எழுதியது நேற்று. லாரி வந்துவிட்டதால் மூடி வைத்தேன். இன்று கடையில் கூட்டமில்லை, விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன்.

நடுவில் ஒரு கண்டம் வந்தது. தீனியைத் தொடவில்லை. இறக்கையைத் தொங்கவிட்டு, கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டு நின்றது. பட்டப்பகலில் கடையைச் சாத்திவிட்டு, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். எனக்குக் காய்ச்சல் அடித்தபோதுகூட நான் கடை சாத்தியதில்லை, நீயே சாட்சி. டாக்டரம்மா புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "உடம்புல ஒண்ணும் கோளாறு இல்லைங்க. கூட ஒண்ணு கொத்தித் தின்னாதான் இதுவும் தின்னும். தனியா நின்னா பசியே தெரியாது. விரலால தீனியைத் தட்டிக் காட்டுங்க. நீங்க சாப்பிடும்போது பக்கத்துல வச்சுக்கங்க" என்றார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்து, "வீட்ல வேற யாரும் இல்லையா?" என்றார். ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன். "கோழிக்குஞ்சை ஒத்தையில வளர்க்கக் கூடாதுங்க, பாவம்" என்றார். கோழிக்குஞ்சைத்தான் சொன்னார்.

அன்றிலிருந்து தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன், பெட்டிக்குப் பக்கத்தில். அதற்கு முன்னால் எங்கே சாப்பிட்டேன் என்று கேட்காதே. அடுப்படியில் நின்றபடி சட்டியிலிருந்தே இரண்டு வாய். சில நாள் அதுவும் இல்லை. போனில் சாப்டேன் என்று சொன்னதெல்லாம் பொய்க்கணக்கு. இப்போது நான் தட்டைப் போட்டு உட்கார்ந்தால்தான் அது தின்கிறது. அதற்காகவாவது மூன்று வேளையும் தட்டைப் போடுகிறேன்.

இனி வரப்போவதுதான் நான் சொல்ல வந்தது.

தீனியைத் தட்டிக் காட்டும்போது சும்மா இருக்க முடியுமா? வாய் தானாக "இந்தா, இந்தா" என்கிறது. நாலு நாளில் பிடித்துக்கொண்டது. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே "இந்தா" என்றால் போதும், பெட்டிக்குள் குதித்துக் கீச்சுகீச்சென்று பதில் சொல்கிறது. வெளியே விட்டிருந்தால் அடுப்படியிலிருந்து கூடத்துக்கு விழுந்தடித்து ஓடி வருகிறது.

போன வாரம் மாடிவீட்டுத் தையல்காரம்மா இறங்கி வந்து கதவைத் தட்டினாள். கையில் உன் ரவிக்கை, நீ தைக்கக் கொடுத்துவிட்டுப் போனது. "அக்கா வந்துட்டாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாண்ணே?" என்று உரிமையோடு கோபித்துக்கொண்டாள். யார் சொன்னது என்றேன். "நீங்கதான் காலையில இருந்து இந்தா, இந்தான்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கீங்களே. நானும் மேல கேட்டுட்டு, சரி, வீடு வீடாயிடுச்சுன்னு நெனச்சேன்" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் குஞ்சு ஓடிவந்து என் கால் பெருவிரலைக் கொத்தியது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சிரிக்கத்தான் வாயெடுத்தாள், ஆனால் சிரிக்கவில்லை. ரவிக்கையை நாற்காலியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து உன்னை நான் கூப்பிட்டது அந்த ஒரு சொல்லால்தான். இந்தா, தண்ணி. இந்தா, யாரு வந்திருக்காங்க பாரு. இந்தா, கதவைச் சாத்து. நீ போன பிறகு அதைச் சொல்ல வேலையில்லாமல் இருந்தது. நான் குஞ்சுக்குத் தீனி கொடுப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தையல்காரம்மா வந்த பிறகுதான் உறைத்தது.

இப்போது உன் ரிட்டர்ன் டிக்கெட் விஷயம். அன்று மகள் போனில், "அப்பா, அம்மா இன்னும் ஆறு மாசம் இருக்கட்டுமா? டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுடலாம்" என்று கேட்டாள். நான் "உங்க இஷ்டம்" என்றேன். நீயும் அதையே சொன்னாய். வியாபாரத்தில் இரண்டு பக்கமும் "உங்க இஷ்டம்" என்றால் சரக்கு நடுத்தெருவில் நிற்கும். இந்த மாதக் கடைசிக்குள் சொன்னால்தான் தேதியை மாற்ற முடியும் என்று மாப்பிள்ளை சொன்னார். அதற்குள் இந்தக் கடிதம் வந்துவிடும்.

மகள் திரும்ப வேலைக்குப் போக வேண்டும், நியாயம். பிள்ளையை நம்பிக்கையான ஆளிடம் விட வேண்டும், அதுவும் நியாயம். அங்கே நல்ல குழந்தைகள் காப்பகம் இருப்பதாக மாப்பிள்ளையே ஒரு முறை சொன்னார். பேத்தியை விட்டுவர உனக்கு மனம் வராது என்பதும் எனக்குத் தெரிகிறது. அந்தப் பக்கம் எடை அதிகம். என் பக்கம் எடுத்து வைக்க என்ன இருக்கிறது? ஒரு கடை, ஒரு வீடு, ஒரு அட்டைப்பெட்டி. வேறு யாராவது இந்தக் கையிருப்போடு பேரம் பேச வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். ஆனாலும் கேட்டுவிடுகிறேன். "உங்க இஷ்டம்" என்று நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். எனக்கென்று ஒரு இஷ்டம் இருக்கிறது. டிக்கெட்டை மாற்ற வேண்டாம்.

குஞ்சுக்கு இறக்கை ஓரத்தில் நிஜ இறகு வந்துவிட்டது. பெட்டிமேல் தாவி உட்காருகிறது. சீக்கிரமே அந்த முட்டைக்கார அம்மா வந்து எடுத்துப் போய்விடுவாள். போகட்டும், அதன் கூட்டத்தோடு இருப்பதுதான் அதற்கு நல்லது. போன பிறகு "இந்தா" என்றால் வர வீட்டில் ஆளில்லை.

பேத்திக்கு என் முத்தம். அவள் நோய்நொடி இல்லாமல், நாலு பேரோடு சேர்ந்து சாப்பிட்டு வளரட்டும். மகளைக் கோபித்துக்கொள்ளாதே, அவள் கேட்டதில் தப்பில்லை. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

கடை சாத்தி வீட்டுக்கு வந்து, உறையின் மேல் முகவரிக்காக உன் பெயரை எழுதினேன். மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். இந்த வீட்டுக்குள் நான் அதைச் சொன்னதே இல்லை அல்லவா, குரல் கொஞ்சம் பிசகியது. இன்னொரு தடவை சொன்னேன், சத்தமாகவே. குஞ்சு பாட்டுக்குத் துண்டைக் கொத்திக்கொண்டிருந்தது, தலையைக்கூடத் தூக்கவில்லை. அந்தப் பெயருக்குத் திரும்ப வேண்டியது நீ.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்