வினாத்தாள் மொழி: ஆங்கிலம்

மார்ச் 11

காலையிலேயே வெயில் சுள்ளென்று. துணி காயப் போட்டாச்சு. அண்ணனும் மதினியும் வேலைக்கு, அவர்கள் மகள் நிலா பள்ளிக்கு. ஒன்பது மணிக்கு மேல் இந்த ஹைதராபாத் காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில் காக்கா கூடக் கத்தாது.

படித்தது: சுவாசம் முழுக்க. கழிவுநீக்கம் பாதி.

பிளஸ் டூவில் நான் கணினி குரூப். உயிரியல் பத்தாம் வகுப்போடு சரி. இப்போது அதைத் தனிப்பாடமாக எழுதி, நீட்டும் எழுத வேண்டும். சந்தேகம் கேட்க ஆள் கிடையாது. சாத்தூரிலிருந்து தோழி செல்வி அனுப்பிய தமிழ்ப் புத்தகங்கள்தான் வாத்தியார், ட்யூஷன், எல்லாம்.

இன்று வாய் திறந்தது: பால்காரரிடம், ஆமாம் என்பதற்கு ஒரு "ஹவ்". நிலாவிடம், "ஹோம்வொர்க் முடிச்சியா?" அதற்கு அவள், "நக்கோ அத்தை, பாத் மே." வேண்டாமாம், அப்புறமாம். அவ்வளவுதான். மற்றபடி புத்தகத்தைச் சத்தமாக வாசிக்கிறேன். இல்லாவிட்டால் எனக்குக் குரல் இருப்பதே மறந்துபோகும்.

மார்ச் 12

மதினி ஆபீஸில் என் நீட் விண்ணப்பத்தை பிரிண்ட் எடுத்து வந்தார்கள். போட்டோவில் திருடி மாதிரி இருக்கிறேன். கீழே, தேர்வு நகரம்: ஹைதராபாத். வினாத்தாள் மொழி: ஆங்கிலம்.

இரண்டு தடவை வாசித்தேன். பூர்த்தி செய்தது அண்ணன். தமிழ்க் கேள்வித்தாள் தமிழ்நாட்டுப் பக்கத்து சென்டர்களில்தான். இங்கே எழுதினால் கிடையாது. வீட்டுப் பக்கமாக இருக்கட்டும் என்று இந்த ஊரைப் போட்டிருக்கிறான்.

"நாலு விடையில ஒண்ணை டிக் பண்ணப் போற. அதுக்கு எந்த மொழியா இருந்தா என்ன பாப்பா?"

தட்டிலேயே கை கழுவிக்கொண்டு சொல்கிறான். அவனும் தமிழ் மீடியம்தான். மறந்துவிட்டது.

திட்டவும் மனசு வரவில்லை. "பொம்பளப் பிள்ளைக்கு என்னத்துக்கு இதெல்லாம்" என்று அப்பா சொன்னபோது, "நான் படிக்க வைக்கேன்" என்று கூட்டி வந்தவன் அவன். அப்பா கொடுத்தது ஒரே வருடம். இந்த முறை விட்டால் மாப்பிள்ளை பார்ப்பார்.

மார்ச் 13

ஆங்கில மாதிரித் தாள். உயிரியல் தொண்ணூறில் முப்பத்தொன்று. போன வாரம் தமிழில் எழுபதைத் தாண்டினேன்.

கணையம், நிணநீர், சவ்வூடு பரவல். எல்லாம் தெரிந்தவைதான். முக்காடு போட்டுக்கொண்டு வந்து நிற்கிற மாதிரி, ஒன்றையும் அடையாளம் தெரியவில்லை.

அழுதேன். ஆளில்லாத வீட்டில் அழுகை சீக்கிரம் முடிந்துவிடுகிறது. எழுந்து பாத்திரம் துலக்கினேன்.

மார்ச் 14

காலை பத்து மணிக்கு இணையதளத்தில் பார்க்கிறேன்: விண்ணப்பத்தில் திருத்தம் செய்ய இன்று மாலை ஐந்து மணி வரைதான். ஓ.டி.பி. அண்ணன் போனுக்கு வரும். அவன் வேலை பார்ப்பது பாதுகாப்பு ஆய்வகம். போனை கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். திரும்ப வாங்குவது ஐந்தரைக்கு.

நடந்தே போனேன். தலையில் துப்பட்டா. காவலர், "கைக்கு ஆயே?" என்றார், எதற்கு வந்தாய் என்று. தெரிந்த ஹிந்தி மொத்தத்தையும் கொட்டினேன். பாவம், என்ன புரிந்ததோ, அண்ணன் பெயரைக் கேட்டு உள்ளே போன் போட்டார். மதில் நிழலில் அரை மணி நேரம் நின்றேன்.

அண்ணன் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தான். "என்னாச்சு? நிலாவுக்கு ஏதாச்சுமா?"

விஷயத்தைச் சொன்னதும் முகம் கடுத்தது. "இதுக்கா கூப்பிட்ட? உசிரே போயிருச்சு."

என்றாலும் போனை வாங்கிக்கொண்டு வந்தான். என் போனில் திருத்தினேன். மொழி: தமிழ். நகரம்: மதுரை.

"எனக்கு லீவு கிடைக்காது பாப்பா. அம்புட்டுத் தூரம் தனியாப் போயிருவியா?"

"இங்க மட்டும் யார் கூட இருக்கேன்?"

யோசிக்காமல் வந்துவிட்டது. அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்தபடியே ஓ.டி.பி.யை ஒவ்வொரு எண்ணாக, மெதுவாகச் சொன்னான்.