சார்ஜிங் ரூமில் கரையும் முன்பற்கள்

அனுப்புநர்:
பேட்டரி தொழிற்சாலையின் சார்ஜிங் ரூமில் பணியாற்றி, தற்போது லேபிள் ஒட்டும் பிரிவுக்கு மாற்றப்பட்டுள்ள பெண் தொழிலாளி.
(என் பெயரும் வீட்டு முகவரியும் தனி உறையில் வைத்திருக்கிறேன். அது தங்கள் பார்வைக்கு மட்டும்.)

பெறுநர்:
உயர்திரு தொழிற்சாலை ஆய்வாளர் அவர்கள்,
தொழிற்சாலைகள் ஆய்வு அலுவலகம்.

பொருள்: ஆசிட் புகையால் தொழிலாளர்களின் முன்பற்கள் கரைந்து வருவது – காரணம் தெரிந்தும் கம்பெனியின் பல் மருத்துவர் எங்களிடம் மறைத்தது – நேரில் ஆய்வு செய்து நடவடிக்கை எடுக்க வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் இதற்கு முன் எந்த அலுவலகத்துக்கும் மனு எழுதியதில்லை. சொல்முறையில் பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். விஷயத்தில் பிழை இல்லை.

1. புதிய பேட்டரிகளுக்கு முதன்முதலாக மின்சாரம் ஏற்றும் அறையைத்தான் நாங்கள் சார்ஜிங் ரூம் என்கிறோம். நீள மேசைகளில் பேட்டரிகள் மூடி திறந்தபடி வரிசையாக இருக்கும். சார்ஜ் ஏற ஏற உள்ளே உள்ள ஆசிட் குமிழ் விட்டு, கண்ணுக்குத் தெரியாத சாரலாகக் காற்றில் கலக்கும். அந்த அறையில் வாய் திறந்து பேசினாலே நாக்கு புளிக்கும். புதிதாக வருகிறவர்கள் இருமுவார்கள், பிறகு பழகிவிடும். எங்கள் பருத்தி உடுப்புகளில் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழும். புகையை வெளியே இழுக்கும் மின்விசிறிகளில் பாதி ஓடாது. ஓடுகிற பாதியும் சத்தம் போடுவதோடு சரி.

2. நான் முதலில் பேக்கிங் பிரிவில் இருந்தேன். நான் சிரித்தால் சுவருக்கு அந்தப்பக்கம் இருப்பவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதால் எனக்கு அங்கே "வெடிச்சிரிப்பு" என்று பட்டப்பெயர். கம்பெனியில் நடந்த பல் ஆரோக்கிய விழாவில் அழகான பல்வரிசைக்கான முதல் பரிசு எனக்குக் கிடைத்தது. பரிசு வாங்கும்போது எடுத்த படத்தைப் பெரிதாக்கி கேன்டீனில் மாட்டினார்கள். அதற்குப் பிறகுதான் என்னைச் சார்ஜிங் ரூமுக்கு மாற்றினார்கள். கூடுதல் படி உண்டு என்பதால் நானும் சந்தோஷமாகவே போனேன்.

3. எங்கள் கம்பெனிக்கு வரும் பல் மருத்துவர் ஒரு பெண்மணி. அவரை யாரும் மேடம் என்று கூப்பிட்டதில்லை, எல்லோருக்கும் அவர் "டாக்டரக்கா". வாரம் ஒருமுறை வந்து மருத்துவ அறையில் உட்காருவார். எங்களை நாற்காலியில் சாய்த்துவிட்டு முதலில் வீட்டு நலம்தான் விசாரிப்பார், பிறகுதான் வாயைத் திறக்கச் சொல்வார். ஒருமுறை எனக்கு ஈறு வீங்கி, முகம் ஒருபக்கம் பூசணிக்காய் மாதிரி ஆனபோது, விடுமுறை நாளென்றும் பாராமல் தன் வீட்டுக்கே வரச்சொல்லி வைத்தியம் பார்த்தார். ஒரு பைசா வாங்கவில்லை. என் கணவர் அன்று வெளியே வந்து, "உனக்குக் கூடப்பிறந்த அக்கா இருந்திருந்தாகூட இப்படி இருந்திருக்க மாட்டா" என்றார். நானும் அப்படித்தான் நம்பினேன். இதை நான் எழுதுவது அவரைப் புகழ்வதற்கு அல்ல, ஐயா. அவர் எங்களுக்கு யாராக இருந்தார் என்பது தெரியாமல் அவர் செய்தது தங்களுக்கு விளங்காது.

4. சார்ஜிங் ரூமில் சிலருக்குப் பல் கூச ஆரம்பித்தபோது டாக்டரக்கா எங்களை அழைத்துப் பேசினார். "நீங்க யாரும் பல்லை ஒழுங்கா கவனிக்கிறதில்ல. காலையில அவசரமா ரெண்டு இழு இழுத்துட்டு ஓடி வர்றீங்க" என்று உரிமையோடு திட்டினார். ஷிஃப்ட் முடிந்த கையோடு, உடுப்பு மாற்றும் முன்பே, எல்லோரும் அழுத்தித் தேய்க்க வேண்டும் என்றார். கம்பெனி செலவில் பிரஷ்ஷும் பேஸ்ட்டும் வந்தன. யார் தேய்க்கிறார்கள், யார் ஏமாற்றுகிறார்கள் என்று பார்க்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். "நீ சொன்னா கேப்பாங்க. உன் பல்லைப் பாத்தாலே கேப்பாங்க" என்றார். நான் அன்று முதல் கை கழுவும் தொட்டி அருகே காவல்காரி மாதிரி நின்று எல்லோரையும் தேய்க்க வைத்தேன். என்னைக் கண்டதும் ஆண்கள்கூட பிரஷ்ஷைத் தேடி ஓடுவார்கள். எனக்கு அதில் பெருமை.

5. அதன்பின் என் பற்களும் மாறத் தொடங்கின. குளிர்ந்த தண்ணீர் குடித்தால் மண்டை வரை சுரீர் என்றது. பிறகு வெறும் காற்று பட்டாலே கூசியது. மேல்வரிசை முன்பற்களின் ஓரம் மெலிந்து, வெளிச்சத்தில் கண்ணாடி போலத் தெரிந்தது. ஓரம் கூராகி உதட்டைக் கிழித்தது. "சனிக்கிழமை" என்று சொன்னால் விசில் சத்தம் வரும். என் மகள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிச் சிரிப்பாள், நானும் கூடச் சிரிப்பேன். டாக்டரக்காவிடம் காட்டினால், "இன்னும் நல்லா தேய்க்கணும்" என்பார். வீட்டிலும் தேய்த்தேன். என் மாமியார், "இந்தப் பொண்ணு தேய்க்கிற தேய்ப்புக்குப் பித்தளைப் பாத்திரமா இருந்தா தங்கமா மாறியிருக்கும்" என்பார். என் பற்கள் மாதத்துக்கு மாதம் குட்டையாகிக்கொண்டே வந்தன.

6. எங்கள் அறையில் தடித்த கண்ணாடி போட்டிருப்பதால் "சோடாப்புட்டி" என்று அழைக்கப்படும் மூத்த தொழிலாளி ஒருவர் இருக்கிறார். அவருக்கு முன்பற்கள் நான்கும் ஏறக்குறைய ஈறு வரை தேய்ந்துவிட்டன. ஒருநாள் தொட்டி அருகே அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, "சட்டையில ஓட்டை போடுற புகை, பல்லை மட்டும் கும்பிட்டுட்டுப் போகுமா? இதெல்லாம் தேய்ச்சா நிக்காதும்மா" என்றார். நான், "டாக்டரக்காவைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமாண்ணே?" என்று கேட்டு அவர் கையில் பிரஷ்ஷைத் திரும்பக் கொடுத்தேன். அவரும் வாங்கித் தேய்த்தார். தேய்க்கும்போது கண்ணை மூடிக்கொண்டார். வலித்திருக்கிறது.

7. சென்ற மாதம் என் மகளுக்குப் பால்பல் விழாமலே பின்னால் புதுப்பல் முளைத்ததால், அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்கு அழைத்துச் சென்றேன். அங்கிருந்த மருத்துவர் அவளைப் பார்த்து முடித்துவிட்டு, "பாப்பாவுக்குப் பயப்பட ஒண்ணுமில்ல. நீங்க கொஞ்சம் வாயைக் காட்டுங்கம்மா" என்றார். பார்த்த உடனே, "பேட்டரி கம்பெனியா?" என்று கேட்டார். நான் என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை, ஐயா.

"எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?" என்றேன்.

"காத்து படுற முன்பல்லு மட்டும் கரைஞ்சிருக்கு. கடவாய்ப்பல் எல்லாம் அருமையா வச்சிருக்கீங்க. தேய்க்காம கெட்டுப்போனா முதல்ல கடவாய்தான் போகும். இது ஆசிட் புகையோட வேலை" என்றார். பிறகு, "வேலை முடிஞ்சதும் என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"உடனே பிரஷ் போட்டு அழுத்தித் தேய்ப்போம் சார்" என்று பெருமையாகவே சொன்னேன்.

அவர் கையிலிருந்த சிறு கண்ணாடியைத் தட்டில் வைத்துவிட்டார். ஆசிட் பட்ட பல்லின் மேல்பூச்சு இளகிப்போய் இருக்கும் என்றும், அந்த நேரத்தில் தேய்த்தால் அது உரிந்துவிடும் என்றும், வெறும் தண்ணீரில் நன்றாகக் கொப்பளித்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் மெதுவாகத் தேய்க்க வேண்டும் என்றும் விளக்கினார். "உடனே தேய்க்கச் சொல்லி யாரும்மா சொன்னது?" என்றார்.

டாக்டரக்காவை அவரிடம் காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. "நானேதான் சார்" என்றேன்.

8. டாக்டரக்காவுக்குத் தெரியாமல் நேர்ந்திருக்கும், சொன்னால் பதறிப்போவார் என்று நினைத்துக்கொண்டுதான் மறுவாரம் மருத்துவ அறைக்குப் போனேன். நான் சொன்னதை டாக்டரக்கா குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு எழுந்து கதவைச் சாத்தினார். அவருக்கு எல்லாம் முன்பே தெரியும் என்பது, அவர் கதவைச் சாத்திய விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"நான் வந்த புதுசுலேயே மேலே சொல்லிட்டேன். புகையை இழுக்கிற மெஷினை மாத்தணும்னு. செலவு அதிகம்னு மறுத்துட்டாங்க. தொழிலாளிங்களுக்கு வேற ஏதாவது செய்யுங்கன்னாங்க. என்னால பிரஷ்தான் குடுக்க முடிஞ்சுது" என்றார்.

"சரிக்கா, மெஷின் உங்க கையில இல்ல. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்றது உங்க கையிலதானே இருந்துச்சு?"

"சொன்னா என்ன பண்ணியிருப்ப? வேலையை விட்டிருப்பியா?"

"அதை நான்தானேக்கா முடிவு பண்ணியிருக்கணும்" என்றேன். "தேய்ச்சா கெடும்னு தெரிஞ்சே தேய்க்கச் சொன்னீங்களா?" என்றும் கேட்டேன். அவர் மேசையில் இருந்த பஞ்சு டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு மட்டும் முன்பல்லு எல்லாத்துக்கும் நானே உறை மாதிரி கேப் போட்டுத் தர்றேன். பழைய மாதிரி சிரிக்கலாம். இதை வெளியில பேசாத" என்றார்.

உண்மையைச் சொல்வதென்றால் ஒரு நிமிடம் எனக்கு ஆசை வந்தது, ஐயா. மறுநிமிடம், சோடாப்புட்டி அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தது நினைவுக்கு வந்தது. கையை விடுவித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

9. என்னுடன் வேலை செய்பவர்களிடம் நடந்ததைச் சொன்னேன். சிலர் நம்பினார்கள், பலர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அந்த வாரமே கேன்டீனில் கூட்டம் போட்டார்கள். டாக்டரக்கா மைக்கில் பேசினார். என் பெயரைச் சொல்லவில்லை. "சில பேர் வீட்டுல டிவி பாத்துக்கிட்டே பாக்கெட் பாக்கெட்டா புளிப்பு மிட்டாய் சாப்பிடுவாங்க. மசக்கையில மாசக்கணக்கா வாந்தி எடுத்திருப்பாங்க. பல்லு போனதும் பழியைக் கம்பெனி மேல போடுவாங்க" என்றார்.

என் கணவர் எனக்குப் புளிப்பு மிட்டாய் வாங்கி வருவதும், என் மகள் வயிற்றில் இருந்தபோது நான் வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்ததும், அந்த நாற்காலியில் சாய்ந்தபடி நான் அவரிடம் மனம்விட்டுப் பேசியவை. என் தாய்க்குக்கூட அவ்வளவு விவரம் தெரியாது. மசக்கையெல்லாம் தீர்ந்து பல வருடம் கழித்துத்தான் எனக்குப் பல்வரிசைப் பரிசே கிடைத்தது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சிரித்தார்கள். பதில் சொல்ல எழுந்தேன். முதல் வார்த்தையிலேயே விசில் வந்தது. இன்னும் சிரித்தார்கள். வாயைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அப்போது டாக்டரக்கா என்னைப் பார்க்கவில்லை, மைக்கின் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். புகை என் பல்லைத்தான் தின்றது, ஐயா. அன்று போனது வேறு.

10. மறுநாள் என்னை லேபிள் பிரிவுக்கு மாற்றினார்கள். கேன்டீனில் இருந்த என் படத்தையும் கழற்றிவிட்டார்கள். ஆணி மட்டும் இருக்கிறது. சோடாப்புட்டி அண்ணனும் இன்னும் சிலரும் இம்மனுவில் கூறியவை உண்மை என்று கையெழுத்திட்டுத் தர முன்வந்திருக்கிறார்கள். அவர்களுடைய தாளையும் அரசு மருத்துவரின் சீட்டையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

ஆகவே ஐயா அவர்கள் கருணை கூர்ந்து, முன்கூட்டித் தெரிவிக்காமல் சார்ஜிங் ரூமுக்கு வர வேண்டுகிறேன். தெரிவித்துவிட்டு வந்தால் அன்று சார்ஜ் போட மாட்டார்கள், தரையைக் கழுவி எல்லோருக்கும் புது மாஸ்க் கொடுத்திருப்பார்கள். பேட்டரிகள் குமிழ் விட்டுக்கொண்டிருக்கும்போது வந்து, மாஸ்க் இல்லாமல் ஒரே ஒரு நிமிடம் வாய் திறந்து யாரிடமாவது பேசிப் பாருங்கள். புகை இழுக்கும் இயந்திரத்தை மாற்ற உத்தரவிட வேண்டும். எங்கள் அனைவரின் பற்களையும் கம்பெனிக்குத் தொடர்பில்லாத மருத்துவர் பரிசோதிக்க வேண்டும், பாதிக்கப்பட்டவர்களுக்கு வைத்தியச் செலவைக் கம்பெனியே ஏற்க வேண்டும்.

டாக்டரக்காவைப் பற்றி என்ன கேட்பது என்று எனக்கு வெகுநேரம் தெரியவில்லை. அவருடைய வேலை போக வேண்டும் என்று எழுதி, அடித்துவிட்டேன். மன்னித்துவிடலாம் என்று எழுதி, அதையும் அடித்தேன். நேற்று நடந்த ஒன்றால்தான் எனக்கு அது தெளிந்தது, அதைத் தங்களிடம் சொல்கிறேன்.

சார்ஜிங் ரூமில் என் இடத்துக்குப் புதிதாகத் திருமணமான ஒரு பெண் வந்திருக்கிறாள். முத்து கோத்தது போன்ற பல்வரிசை. நேற்று ஷிஃப்ட் முடிந்ததும் தொட்டி அருகே நின்று அவள் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து, "வேண்டாம்மா, இப்ப தேய்க்காத, தண்ணியில கொப்பளிச்சாப் போதும்" என்றேன். அவள் என் வாயைப் பார்த்தாள். பிறகு நயமாகக் கையை விடுவித்துக்கொண்டு, "இல்லக்கா, டாக்டரக்கா தேய்க்கச் சொல்லியிருக்காங்க" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து தேய்த்தாள்.

அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்கு என் பேச்சு ஏறாது, டாக்டரக்கா சொன்னால் மட்டும்தான் ஏறும். ஆகையால் அவரைப் பற்றி நான் கேட்பது ஒன்றே ஒன்று. தங்கள் முன்னிலையில், அதே கேன்டீனில், அதே மைக்கைப் பிடித்து, அந்தப் பெண்ணிடம் தேய்க்காதே என்று அவர் தன் வாயால் சொல்ல வேண்டும். எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் சொல்ல வேண்டும். அவளுக்கு இன்னும் எல்லாப் பற்களும் முழுதாக இருக்கின்றன.

தங்கள் வருகையை எதிர்பார்த்துத் தினமும் வாசற்கதவைப் பார்த்திருக்கும்,

(கையொப்பம்)
லேபிள் பிரிவுத் தொழிலாளி

நாள்: மார்ச் 9
இடம்: தொழிலாளர் குடியிருப்பு

இணைப்பு: அரசு மருத்துவமனைச் சீட்டு, உடன் பணிபுரிவோர் கையொப்பமிட்ட தாள், பெயர், முகவரி அடங்கிய தனி உறை.