மயிலுள்ளான் பறந்த ஞாயிற்றுக்கிழமை

என் ஆசை அண்ணா,

நீ ஆடியில் எங்களையெல்லாம் விட்டு ஒரேயடியாகப் போய்விட்டாய். இப்போது ஐப்பசி. மழை வந்துவிட்டது, ஏரிக்கு ஊசிவால் வாத்துகளும் வந்துவிட்டன. உனக்காக எதுவும் நிற்கவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். அண்ணி மறுபடி தறியில் உட்கார்ந்துவிட்டார்கள். தீபாவளிப் புடவை ஒன்று பாதி ஏறிவிட்டது.

நம் பறவைக் குழு வழக்கம்போல ஞாயிறு காலையில் கிளம்புகிறது. ஷேர் ஆட்டோவில் ஐயம்பேட்டை, அங்கிருந்து ஏரிக்கரைக்கு நடை. நீ இல்லாத முதல் வாரமே ஒரு விஷயம் எல்லோருக்கும் புரிந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பறவைகள் இப்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன.

கோபப்படாதே. தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய வீடு நம்முடையது. நீ ரகசியம் சொன்னாலே பிள்ளையார்பாளையத்தில் அடுத்த தெரு திரும்பிப் பார்க்கும். "மெதுவா பேசுப்பா" என்று குழுவை நடத்தும் சார் உன்னைக் கடைசி ஆளாக நிறுத்துவார். அங்கிருந்தும் "அதோ பாரு!" என்பாய், ஏரியே எழுந்து பறக்கும். மயிலுள்ளானைப் பார்க்க அவ்வளவு ஆசைப்பட்டாயே, இப்படிக் கத்தினால் எந்த மயிலுள்ளான் வெளியே வரும்? "அதுல பொண்ணுக்குத்தான் கலரு, ஆம்பள முட்ட மேல குந்திக்கினு இருக்குமாம்" என்று எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பாய்.

போன ஞாயிறோடு நின்றுவிடலாம் என்றுதான் போனேன். நீ கூப்பிட்டு வந்தவள் நான். கூப்பிட ஆளில்லாதபோது அங்கே எனக்கென்ன வேலை? திரும்பும்போது சாரிடம் சொல்லிவிடுவதாக இருந்தேன்.

கோரை ஓரமாகச் சேற்றில் வந்து நின்றது. பெண் மயிலுள்ளான். கழுத்தெல்லாம் அரக்கு, கண்ணைச் சுற்றி வெள்ளை. மற்றவர்கள் வாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணா, மயிலுள்ளான்!" என்று கத்திவிட்டேன்.

அது பறந்துவிட்டது. அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவராவது திட்டியிருக்கலாம். எனக்கு அழுகை வந்துவிட்டது, நீ போனதிலிருந்து முதல் தடவையாக, அதுவும் ஊரார் முன்னால்.

சார்தான் கிட்டே வந்தார். "நாங்க யாரும் பாக்கலம்மா. நீ பாத்த இல்ல? எப்படி இருந்துது, சொல்லு."

சொன்னேன். குரலைக் குறைக்கவில்லை, பறக்க வேண்டியதுதான் பறந்தாயிற்றே. சொல்லச் சொல்ல எல்லோரும் கிட்டே வந்து நின்று கேட்டார்கள்.

"ஆம்பளயும் அந்தக் கோரைக்குள்ளதான் இருக்கும். வர்ற வாரம் தேடலாமா?" என்றார் சார்.

"வர்றேன் சார்" என்று என் வாய் சொல்லிவிட்டது.

உன் நினைவுக்காகப் போகிறேன் என்று எழுதினால் உனக்கு நன்றாக இருக்கும். ஆனால் அது பொய். எனக்கே பார்க்க வேண்டும், அண்ணா. ஒரு வாக்குத் தருகிறேன்: அடுத்த முறை பார்த்தால் முதலில் பக்கத்தில் நிற்பவர்களுக்குக் காட்டுவேன். உன்னைப் பிறகுதான் கூப்பிடுவேன்.

உன் கூடப்பிறந்தவள்,
மல்லிகா