இரண்டிலும் சிவப்புப் பூ

மொரப்பூர்
12-2-1947

மெட்ராஸ் ரயில் பட்டறையில் இரும்போடு மல்லுக்கட்டும் மாமா வெங்கடாசலம் அவர்களுக்கு, மைத்துனன் ஆண்டி வணக்கம். இங்கே மாடு, கன்று, ராகிப் போர் எல்லாம் சௌக்கியம். மனுஷர்களைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

அக்கா தினம் ஒரு கஷாயம் குடிக்கிறாள். அத்தனையும் கசப்பு. ஊற்றிக் கொடுக்கிற அத்தையும், அதாவது உங்கள் அம்மாவும், கசப்பு. ஆறு வருஷமாய்ப் பிள்ளை இல்லாதது அக்காவின் குறைதான் என்று அத்தை முடிவுகட்டி, பாலக்கோட்டில் உங்களுக்கு இரண்டாம் பெண் பார்த்துவிட்டார்கள். பெயர் ராஜாமணி.

போன திங்கட்கிழமை மாதேஸ்வரன் கோயிலில் பூ கேட்டார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு. சின்னப் பிள்ளை எடுப்பது வெள்ளை என்றால் கல்யாணம். பொட்டலம் கட்டச் சொன்னது என்னை. இரண்டிலும் செவ்வரளியை வைத்தேன். சாமி மறுத்துவிட்டது. அத்தை அசரவில்லை. “அன்னிக்கி சாமி கோவத்துல இருந்திருக்கும். வர்ற திங்கக்கெழம மறுக்கா கேப்போம்” என்றார்கள்.

மாமா, போன கோடையில் ஆஸ்பத்திரி டாக்டரின் இங்கிலீஷை உங்களுக்குத் தமிழில் சொன்னவன் நான். பழைய காய்ச்சலில் உங்களுக்கு வித்து வரும் குழாய் அடைத்திருந்தது, ஆபரேஷனில் திறந்தாயிற்று என்றார். ஆனால் இத்தனை வருஷம் அடைபட்டுக் கிடந்த வித்துகளை உடம்பே அந்நியம் என்று எதிர்க்கிறது போலும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நகர மாட்டேன் என்கின்றன, இது தன் யூகம்தான் என்றார். பர்மா சண்டையிலிருந்து திரும்பிய மாதுவை அவன் வீட்டு நாயே கடித்ததே, அந்த மாதிரி என்றேன். நீங்கள்கூடச் சிரித்தீர்கள். மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கும்போது, யாரிடமும் சொல்லாதே என்று என் கையைப் பிடித்தீர்கள். சொல்லவில்லை.

மாதுவின் மேலும் குற்றமில்லை, நாயின் மேலும் இல்லை. அக்கா மேல் மட்டும் எப்படி வந்தது?

எனக்கு அத்தையிடம் பயமில்லை. நான் பூவில் செய்த வேலையை அக்கா கண்டுபிடித்துவிட்டாள். அடிப்பாள் என்று முதுகைக் காட்டினேன். அடிக்கவில்லை. “அவுருக்கு ஒரு புள்ள வேணும்டா. நீ செஞ்ச மாதிரி எனக்கும் செய்யத் தெரியும்” என்றாள். இந்தத் தடவை பொட்டலம் கட்டப்போவது அவள். கோயிலுக்குப் பின்னால் வெள்ளை நந்தியாவட்டை பூத்திருக்கிறதா என்று நேற்றே போய்ப் பார்த்து வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிடுங்கள். அத்தையிடம் சொல்ல முடியாவிட்டால் போகட்டும், அக்காவிடம் மட்டும் சொல்லுங்கள். மூட்டை தூக்க ஸ்டேஷனில் நிற்பேன். மாதேஸ்வரன் உங்களுக்கு வாய் கொடுக்கட்டும்.

இன்னும் வாய் திறக்காத,
ஆண்டி