கண் தெரியவில்லை என்று சொல்லச் சொன்னாய்

உப்பளம், புதுச்சேரி
ஐப்பசி, வெள்ளிக்கிழமை

மகள் சரிதாவுக்கு அம்மா எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் சௌக்கியம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். எழுதினால் நீ நம்ப மாட்டாய், அதனால் விட்டுவிட்டேன். அங்கே குளிர் வந்திருக்கும். உன் நெஞ்சுச் சளி எப்படி இருக்கிறது? நீ பார்த்துக்கொள்ளும் அந்தக் கிழவி இப்போதாவது உன்னை ராத்திரியில் தூங்க விடுகிறாளா?

நேற்று நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். கோபம் இல்லை. போனில் நீ அழுவாய். நீ அழுதால் நான் சரி என்று சொல்லிவிடுவேன், அந்தப் பயம்தான். பக்கத்துத் தெரு இராமதாஸ் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை பாரீசுக்குத் திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். முழுதாகப் படித்துவிட்டுத் திட்டு.

உன் சித்தப்பா உத்திராபதி உனக்கு என்ன சொன்னானோ தெரியாது. நடந்ததை நான் சொல்கிறேன்.

நம் பின்னறையில் குடியிருக்கும் ஒடிசாக்காரப் பையன் சுதாமை உனக்குத் தெரியும். தேங்காய்த்திட்டு ஐஸ் கம்பெனியில் வேலை செய்கிறானே, அவன்தான். உன் பிள்ளை அபி கூப்பிடுவதைக் கேட்டு அவனும் என்னை ஆயா என்பான். புரட்டாசியில் பூஜைக்கு ஊருக்குப் போக அவனுக்கும் கூட்டாளிகளுக்கும் ரயில் டிக்கெட் வேண்டியிருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் விஜய் என்று ஒருவன் கம்ப்யூட்டர் கடை போட்டு டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறான். நம் அபி அவனுக்கு ஆள் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்கிக்கொண்டிருந்தான். சுதாம் பணத்தைக் கையில் பொத்திக்கொண்டு வந்து, "ஆயா, அபி அண்ணாகிட்ட குடுக்கலாமா?" என்று கேட்டான். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "என் பேரன்டா அவன். கண்ண மூடிக்கினு குடு" என்றேன். அவ்வளவு பெருமை எனக்கு.

விஜய் என்ன செய்வானாம் தெரியுமா? நிஜமாகவே டிக்கெட் போடுவான். பெட்டி நம்பர், சீட்டு நம்பர் எல்லாம் தாளில் அச்சடித்துக் கொடுப்பான். அவர்கள் தெரு தாண்டுவதற்குள் கேன்சல் செய்து பணத்தைத் தன் கணக்குக்குத் திரும்ப எடுத்துக்கொள்வான். இந்தப் பிள்ளைகள் மூட்டை முடிச்சோடு ரயில் ஏறியிருக்கிறார்கள். அந்த சீட்டில் வேறு ஆள். நெல்லூர் தாண்டி அபராதம் கேட்டு இறக்கிவிட்டார்கள். பூஜைக்குப் போனவன் மூன்றாம் நாள் அழுக்குச் சட்டையோடு வாசலில் வந்து நின்றான். அபிக்கு இந்தத் திருட்டு தெரியுமா என்று நீ கேட்பாய். தெரியும். தெரிந்துதான் ஆள் பிடித்திருக்கிறான்.

சுதாம் கடைக்கு நாலைந்து தடவை நடந்தான். கடைசியில், போலீசுக்குப் போவேன் என்று சொல்லியிருக்கிறான். அதற்கு மறுநாள்தான் அது நடந்தது. பட்டப்பகல் சரிதா. நான் மார்க்கெட்டிலிருந்து நம் தெரு முனை திரும்புகிறேன், நாலு பேர் நடுவில் அவன் கீழே கிடக்கிறான். "வடக்கத்திப் பயலே, எங்க ஊர்ல வந்து சோறு துன்னுட்டு எங்களையே கேள்வி கேப்பியா? ஓட்றா உங்க ஊருக்கு" என்று விஜய் கத்துகிறான். "இந்தியில அழுவுடா, கேப்போம்" என்று இன்னொருத்தன். சுதாம் பேசுவது ஒரியா. இந்த அறிவாளிகளுக்கு எல்லாம் ஒன்றுதான். ஒருவன் போனில் படம் பிடித்துக்கொண்டே சிரிக்கிறான். நான் "டேய் அபி!" என்று கத்தினேன். அபி திரும்பிப் பார்த்தான். நான்தான் என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. பார்த்துவிட்டு, இன்னும் ஒரு உதை உதைத்தான்.

பெரியாஸ்பத்திரியில் தாடை எலும்பு உடைந்திருக்கிறது என்றார்கள். யார் அடித்தது என்று போலீஸ்காரர் வந்து கேட்டார். சுதாம் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கீழே விழுந்துவிட்டேன் என்று கையால் காட்டினான். நானும் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து உலை வைத்தேன்.

அபி வந்தான். கை கால் கழுவிவிட்டுச் சோறு கேட்டான். போட்டேன். சாப்பிட்டுக்கொண்டே போனைத் திருப்பி என் முகத்துக்கு நேரே காட்டினான். "எத்தினி பேரு லைக் போட்டுக்கிறான் பாரு ஆயா." அப்புறம் தட்டை வழித்துக்கொண்டே, "நீ ஒண்ணும் பாக்கல, இன்னா?" என்றான். பயந்து சொன்னால்கூட நான் அடங்கியிருப்பேன். கிரிக்கெட்டில் ஜெயித்துவிட்டு வந்த மாதிரி சொன்னான்.

விடிந்ததும் ஸ்டேஷனுக்குப் போனேன்.

அங்கே ஒரு பெண் இன்ஸ்பெக்டர் இருந்தார். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். புகாரை எழுதிய போலீஸ்காரர் கைநாட்டு வைக்க மையை நீட்டினார். நான் அஞ்சாவது வரை படித்தவள், கையெழுத்துத்தான் போடுவேன், அதுவும் படித்துவிட்டுத்தான் போடுவேன் என்றேன். எழுத்துக் கூட்டிப் படித்தேன். டிக்கெட் பணத் தகராறு என்று மட்டும் இருந்தது. "ஓடச் சொன்னது எங்க? வடக்கத்திப் பயன்னது எங்க?" என்று கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு ஆயா, தகராறுன்னா போதும்" என்றார். "போதாதுய்யா. அவன் நம்ம ஊர்க்காரனா இருந்தா நடுத்தெருவுல போட்டு ஒதச்சிருப்பானுங்களா? படம் புடிச்சிருப்பானுங்களா?" என்றேன். இன்ஸ்பெக்டரம்மா அவரிடம், ஆயா சொன்ன வார்த்தையை அப்படியே எழுது என்றார்.

கிளம்பும்போது அந்தம்மாவே சொன்னார், டிக்கெட் தாளில் இருக்கும் நம்பரை 139க்கு போன் போட்டுச் சொன்னால் டிக்கெட் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடுமாம். ஏறுகிற அன்று காலையில் இன்னொரு தடவை கேட்க வேண்டுமாம். துறைமுகத்தில் வேலை செய்கிற பிள்ளைகளுக்கெல்லாம் இதைச் சொல்லியிருக்கிறேன். பாதிப் பேர் என்னைக் கண்டால் ஒதுங்கிப் போகிறார்கள். டிக்கெட்டுக்கு நம்பிக்கை சொன்னவளும் நான்தானே.

சுதாமுக்கும் இதில் சந்தோஷம் இல்லை. "கேஸ் வேணாம் ஆயா, நான் போயிடுறேன்" என்கிறான், அதுவும் பல்லைக் கட்டியிருப்பதால் பாதிதான் புரிகிறது. கஞ்சியை வடிகட்டிக் கொடுக்கிறேன். நான் அபியின் ஆயா என்பது அவனுக்கு மறக்கவில்லை. டம்ளரை வைத்துவிட்டு நான் நகர்ந்த பிறகுதான் எடுக்கிறான்.

அபியைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனதும் உத்திராபதி நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, "பேரனப் புடிச்சிக் குடுத்த கெழவிய இப்பத்தான் அண்ணி பாக்குறேன். ஊருக்குள்ள வெச்சிப் பேசி முடிச்சிருக்கலாம்ல?" என்றான். "நம்ம புள்ளைக்கு நீ பேசுவ. அந்தப் புள்ளைக்கு ஊருக்குள்ள யாரு பேசுவா?" என்று கேட்டேன். எழுந்து போய்விட்டான். குழாயடியில் எனக்கு இடம் விடுகிறார்கள், ஆனால் யாரும் பேசுவதில்லை.

இப்போது நீயும் அதையே கேட்கிறாய். ஜாமீனுக்கு முன்னால் ஸ்டேஷனுக்குப் போய், எனக்குக் கண்ணில் புரை, தூரத்தில் சரியாகத் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தால் போதும் என்று வக்கீல் சொன்னாராம். புரை இருப்பது உண்மைதான். ஆனாலும் தூக்கி வளர்த்த பிள்ளையைத் தெரியாமல் போகுமா?

கேஸ் இருந்தால் அவனுக்கு விசா வராது என்று நீ அழுதாய். தெரியும் கண்ணே. அவனை அங்கே கூப்பிட்டுக்கொள்ளத்தான் இத்தனை வருஷம் யார் யாரையோ குளிப்பாட்டி, துடைத்து, தூக்கி உன் இடுப்பு போனது. அதை நான்தான் கெடுத்தேன் என்றால் ஆமாம், நான்தான். அதைச் சுமந்துகொண்டுதான் தினமும் எழுந்திருக்கிறேன்.

ஆனால் நீ அங்கே போன புதிதில் ஒருநாள் ரயிலில் எவனோ உன் முகத்தில் துப்பி, உன் நாட்டுக்குப் போ என்றானே. அன்றைக்கு நீ எனக்குப் போன் போட்டு, துப்பியதற்குக்கூட அழவில்லை. பெட்டி நிறைய ஆள் இருந்தும், நீ கேட்டபோது ஒருத்தரும் நான் பார்த்தேன் என்று சொல்லவில்லை என்றுதான் அழுதாய். புகாரும் கொடுக்காமல் வேலைக்குப் போய்விட்டாய். அன்று ராத்திரி முழுக்க அந்தப் பெட்டியில் இருந்த முகம் தெரியாத ஆட்களைச் சபித்துக்கொண்டிருந்தேன்.

என்னை அந்தப் பெட்டியில் உட்காரச் சொல்லாதே.

நீ வக்கீல் வை, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அவன் வெளியே வரட்டும். சுதாமின் வைத்தியத்துக்கு உன்னால் முடிந்ததை அனுப்பு, அதை அபி பெயரில் அனுப்பு. போன புதன்கிழமை காலாப்பட்டு ஜெயிலுக்குப் பஸ் ஏறிப் போனேன். என்னைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டான். வெளியே வேப்ப மரத்தடியில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன். கால் வீங்கியிருக்கிறது, அது கிடக்கட்டும். அடுத்த புதனும் போவேன். அவன் பார்க்கிற வரைக்கும் போவேன்.

உன் உடம்பைக் கவனித்துக்கொள். கம்பளியைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு படு. அங்காளம்மன் உன்னையும் காப்பாற்றட்டும், என் பேரனையும் காப்பாற்றட்டும், பின்னறையில் படுத்திருக்கிறவனையும் காப்பாற்றட்டும்.

இதைப் படித்த பிறகு கொஞ்ச நாள் உனக்கு என்னோடு பேசப் பிடிக்காது. பரவாயில்லை. ஆனால் ரொம்ப நாள் ஆக்காதே. திட்டுவதற்காவது போன் செய், முதல் மணியிலேயே எடுக்கிறேன்.

உன் அம்மா
அஞ்சலாட்சி